துரவில் போட்ட மருந்து

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஆவணி மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை பின்னேரம், பனங்கூடலுக்கு அப்பால் இருந்த கள்ளுச் சீவல்காரரின் துரவில், கட்டில்லாத கிணற்றில், கிருமி கொல்லும் மருந்து போட்டேன்.
2. மருந்தின் நிறம் நிற்கவில்லை. இன்னும் போட்டேன். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் முறையும் போட்டேன்.
3. வியாழன் காலை துரவுத் தண்ணீர் தெளிந்து, அடிப்பாறை தெரியக் கிடந்தது.
4. அதே காலை, பனங்கூடலுக்கு இப்பால் இருந்த பெரிய வீட்டு வளவின் கிணறு சிவந்திருந்தது.
5. வளவுக்காரர் துரவை மூடிவிட ஆட்களைக் கூப்பிட்டார்.
6. நான் ஒரு பொய் சொன்னேன்.

ஆறாவதை என் பதிவுப் புத்தகத்திலும் எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தப் புத்தகத்தில் நான் அறிந்து எழுதிய உண்மையல்லாத வரி அது ஒன்றுதான். ஏன் எழுதினேன் என்று சொல்ல அதில் நிரல் இல்லாதபடியால் இங்கே எழுதுகிறேன். குறிச்சியின் பெயரை எழுதமாட்டேன். துரவு இன்னும் பாவனையில் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. கொழும்பில் தாதிப் பயிற்சியும் அதன்மேல் சுகாதாரப் பயிற்சியும் முடித்து, யாழ்ப்பாணப் பட்டினத்தின் கிழக்கு ஓரத்துக்கு அனுப்பப்பட்டிருந்தேன். பிரசவம் பார்ப்பது, அம்மைப்பால் குத்துவது, காய்ச்சல் வீடுகளைப் பதிவது, கிணறுகளைச் சோதிப்பது என் வேலை. சனங்கள் மிசி என்று கூப்பிட்டார்கள். நான் குருநகர்க் கத்தோலிக்கப் பெண், தகப்பன் கடற்தொழில். வெள்ளைச் சீலையும் கறுப்புக் குடையும் தோற்பையும் இருந்தபடியால் சைவ வீடுகளின் படலை எனக்குத் திறந்தது. விறாந்தை வரை போகலாம். கிணற்றடிக்குப் போகக்கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தண்ணீர் சோதிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரே அள்ளிவந்து என் போத்தலுக்குள் ஊற்றுவார்கள், வாளி போத்தலில் முட்டாமல்.

இந்தக் குடாநாட்டில் ஆறு இல்லை, மலையும் இல்லை. வாடைக்காற்றோடு மூன்று மாதம் பெய்கிற மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்து வைத்துக்கொள்கிறது. மீதி ஒன்பது மாதமும் சனங்கள் அதைக் கிணறுகளால் திரும்ப வாங்கிக் குடிக்கிறார்கள். ஒல்லாந்தர் கோட்டை கட்டியதும் கடலோரத்து முருகைக்கல்லில்தான்; கோயில் மதிலும் மாதா கோயில் மதிலும் அதே கல். தரையைத் தடியால் குத்திக்கொண்டு நடந்தால் சில இடங்களில் சத்தம் மாறும், வெறும் பானையைத் தட்டுவது போல. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. அது எந்த ஊரில் விழுந்த மழை என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. இவ்வளவும் எனக்குப் படிப்பில் வந்தது. பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். வேலையில் அதை நினைக்கவில்லை. என் பிழை அது.

அந்த வருடம் சித்திரை மழை வரவில்லை. வைகாசியில் எழும்பிய சோளகக் காற்று ஆவணி வரை ஓயவில்லை. கடல்நீரேரி கரையிலிருந்து வற்றி, விட்டுப்போன இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. சேறும் செத்த மீனும் மணத்தன. பகல் முழுக்கப் பனங்கூடலில் பழம் விழுந்தபடி இருக்கும். முதல் நாட்களில் யாரோ பின்னால் நடந்து வருவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பேன்.

பெரிய வளவின் கிணறு ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்வார்கள். பாறையை வெட்டி இறக்கிய ஆழமான கிணறு. வளவுக்காரர் மலாயாவில் ரெயில்வேயில் இருந்து பென்சனோடு திரும்பியவர். அவருக்கும் மனைவிக்கும் ஒரே மகள். நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்னர், பதினாறு வயதில், தண்ணீரால் பரவும் நெருப்புக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். எனக்கு முந்தியவர் எழுதிய பதிவில் அது ஒரு வரி.

ஆடி மாதம் முதன்முறை அந்த வீட்டுக்குப் போனபோது உச்சிப்பொழுது. வளவுக்காரர் என்னை விறாந்தையில் இருத்தினார். கிணற்றடியில் அவருடைய மனைவி தனியாகக் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய, சாதாரணக் குரல். கொஞ்சம் கதைப்பார். நிறுத்துவார். தலையாட்டுவார். மீண்டும் கதைப்பார்.

"அவவை விடுங்கோ," என்றார் வளவுக்காரர். "வெயில் சரிஞ்சால் எழும்பி வந்திடுவா. அந்த நேரத்திலை நாங்கள் அங்காலை போறேல்லை."

நான் குடையை மடித்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். அப்போது கிணற்றுக்குள்ளிருந்து, ஆமென்று பதில் சொல்வது போல, சின்னதாக ஒரு குரல் வந்தது.

"ஓம்."

வளவுக்காரர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டுப் பழகியிருந்தார். கிணற்றடியில் வேறு யாரும் இல்லை. எனக்குக் கேட்டது என்பதில் சந்தேகமில்லை. காய்ச்சல், வயிற்றோட்டம், அம்மை, கிணறு, மலகூடம் என்று ஐந்து நிரல் இருந்தன. எதிலும் அதை எழுத முடியவில்லை.

பனங்கூடலுக்கு அப்பால் ஏழு குடிசைகள். மரம் ஏறிக் கள்ளுச் சீவுகிறவர்களும் தோட்டக் கூலிக்குப் போகிறவர்களும் அங்கே இருந்தார்கள். முன்பு அவர்களுக்குக் கிணறு இல்லை. பெரிய வளவின் படலைக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். உள்ளே இருப்பவருக்கு மனமும் நேரமும் வந்தால் வந்து ஊற்றுவார். பிறகு ஒரு கோடை முழுக்கப் பாறையை உடைத்துத் தாங்களே ஒரு துரவு வெட்டினார்கள். கட்டு இல்லை, துலா இல்லை. தரையில் ஒரு வாய், அவ்வளவுதான். வளவுக்காரர் அதை வேண்டாவெறுப்பாக விட்டிருந்தார். அந்தத் துரவு போனால் அவர்கள் திரும்பவும் படலைக்கு வெளியே குடத்தோடு நிற்க வேண்டும்.

ஆவணியில் அங்கே இரண்டு பேருக்கு நெருப்புக் காய்ச்சல். துரவுக்கு மருந்து போடப் போனேன். ஊதாக் கல்லுப்புப் போல இருக்கும், கொண்டிஸ் என்பார்கள். தண்ணீரில் கரைந்தால் சிவக்கும். அரை மணி நேரம் நிறம் நின்றால் மருந்து போதும். நிற்காவிட்டால் அழுக்கு மிச்சம் இருக்கிறது, இன்னும் போட வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

துரவுக்குக் கிட்டிய குடிசையில் இருந்த பெண் கயிறு பிடித்துத் தந்தார். அவருடைய மகள், பதினைந்து வயது இருக்கும், வாளியில் கரைத்ததை ஊற்றினாள். துரவு சிவந்தது.

"தண்ணிக்கு வெத்திலை குடுத்தமாதிரிக் கிடக்கு, மிசி அம்மா," என்றார் தாய்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் ஒரு பக்கத்தால் வெளிறத் தொடங்கியது. கால் மணியில் நிறமே இல்லை. இரண்டாம் முறை போட்டோம். அதுவும் அப்படியே போயிற்று. ஒரு பக்கத்தால் மட்டும், மேற்குப் பக்கத்தால், இழுபட்டுப் போவது போல.

"துரவு குடிச்சிட்டுது," என்று மகள் சிரித்தாள். "இன்னும் கேக்குது."

"வாயை மூடடி. மிசி அம்மா கணக்குப் பார்க்கிறா."

மூன்றாம் முறை கையிருப்பு முழுவதையும் கொட்டினேன். "நாளைக் காலமை வரைக்கும் அள்ளாதேங்கோ. பேந்தும் குடிக்கிறதைக் கொதிக்க வையுங்கோ," என்று உரத்துச் சொல்லிவிட்டு வந்தேன். அழுக்கு அதிகம் என்று புத்தகத்தில் எழுதினேன். மேற்குப் பக்கம் என்பதை எழுதவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் தெளிவு. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"வளவிலை சத்தமாக் கிடக்கு, மிசி அம்மா," என்றார் தாய். பனங்கூடலுக்குள்ளால் போனேன். போகும்போது காலடியை எண்ணுவது என் பழக்கம். நானூறும் சில்லறையும். மேற்குத் திசை.

வளவில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கிணற்றைச் சுற்றி, கட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார்கள். வளவுக்காரர் ஒரு கண்ணாடித் தம்ளரை வெயிலுக்குப் பிடித்திருந்தார். நாவற்பழம் கழுவிய தண்ணீர் போல இருந்தது. கிணற்றுக்குள் நிழலில் இன்னும் கறுத்திருக்கும். எட்டிப் பார்த்த ஒருவர் உடனே தலையை இழுத்துக்கொண்டார்.

"இரத்தமடா."

"இரத்தமில்லை, அத்தான். கோழி அறுத்துப் போட்டிருக்கிறாங்கள்."

"கோழி அறுத்தால் அது தண்ணியோ? அதுவும் இரத்தம்தானே. விசரன்."

"உவங்களைத் துரவு வெட்ட விடாதேங்கோ எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

"நீயோ? பாறை உடைக்க அலவாங்கு இரவல் குடுத்ததே நீதான்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். வளவுக்காரர் சிரிக்கவில்லை. போன கிழமை குடிசைகளில் இருந்த இளைஞன் ஒருவன் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு இந்த ஒழுங்கையால் போனான் என்று அவனைப் பிடித்து அடித்திருந்தார்கள். அதற்குப் பழியாகக் கிணற்றில் எதையோ போட்டுவிட்டார்கள் என்பது முடிவாகியிருந்தது.

"பின்னேரத்துக்கிடையிலை துரவு மூட வேணும்," என்றார் வளவுக்காரர். "கல்லைப் போட்டு, மண்ணைப் போட்டு. உவை பேந்து எங்கையெண்டாலும் போய்த் தண்ணி குடிக்கட்டும்."

மண்வெட்டிகளும் கடகங்களும் வேலியோடு சாத்தியிருந்தன. எனக்கு நிறத்தைக் கண்டவுடன் விளங்கிவிட்டது. என் மனதில் ஓடியதை ஒழுங்காக எழுதினால் இப்படி இருக்கும். நான் பேசாமல் நின்றால், பழிக்காகத் துரவு மூடப்படும்; ஆட்களும் அடி வாங்குவார்கள். உண்மையைச் சொன்னால், பனங்கூடலின் கீழால் இரண்டு கிணற்றுக்கும் ஒரே தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். சீவல்காரர் வாளி போடுகிற தண்ணீரை வளவு குடிக்கிறது, கோயிலுக்குக் கொண்டுபோகிறது. அதை அறிந்த பிறகு துரவு ஒரு மணி நேரமும் திறந்திருக்காது. மூன்றாவதாக ஒன்று மட்டும் மிஞ்சியது.

"உது கொண்டிஸ்," என்றேன். "நான் போட்டது. உங்கடை கிணத்துக்கை."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எப்ப?" என்றார் வளவுக்காரர்.

"நேற்றுப் பின்னேரம். நீங்கள் வழக்கம்போலக் கோயிலுக்குப் போயிருந்தியள். படலை திறந்து கிடந்தது."

"ஆரைக் கேட்டு?"

"ஒருதரையும் கேக்கேல்லை. காய்ச்சல் பரவுது. கேட்டால் விடமாட்டியள் எண்டு நினைச்சன்."

"கிணத்துக் கட்டிலை ஏறினியோ?"

அதுவரை எனக்கு நீங்கள் என்றே சொல்லிவந்தவர். "ஏறினனான்," என்றேன்.

"தண்ணியை ஒருக்கா மணந்து பாருங்கோ, அத்தான். கணவாய் மணக்குதோ தெரியாது," என்றார் கோழிக் கதை சொன்னவர். அதற்குப் பலமாகச் சிரித்தார்கள். நான் பையின் அடியில் ஒட்டியிருந்த இரண்டு கல்லைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய தெளிந்த தண்ணீரில் போட்டுக் காட்டினேன். அதே நிறம் நூல் நூலாக எழும்பியது. சிரிப்பு நின்றது.

வளவுக்காரர் என்னை நம்பினார். நம்பியபடியால்தான் கோபித்தார். மேலதிகாரிக்கு அன்றைக்கே எழுதுவதாகச் சொன்னார். கிணற்றை முற்றாக இறைத்து, கீரிமலைத் தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்க வேண்டும் என்றார். மண்வெட்டிகளை எடுத்து வந்தவர்கள் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார்கள். அவருடைய மனைவி அடுக்களை வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். நான் படலையைத் தாண்டும் வரை அவருடைய கண் என்மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய இறைப்புத் தொடங்கியது. நான் வளவுப் பக்கம் போகாமல் துரவடிக்குப் போனேன். குடிசைச் சனங்கள் அங்கே சுற்றி நின்றார்கள். யாரும் அள்ளவில்லை. கயிறு சுருட்டியபடி கிடந்தது. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பாறையில் ஈரம் ஒரு வளையமாக நிற்கும். பார்க்கப் பார்க்க அந்த வளையத்தின் கீழே இன்னொரு வளையம். மேற்குப் பக்கத்தில், தலை நுழையக்கூடிய ஒரு பொந்து முழுதாகத் தெரிந்தது. அதிலிருந்து ஆண் குரல் வந்தது.

"எழுபத்தொண்டு... எழுபத்திரண்டு..."

வாளி எண்ணுகிறார்கள். நடுவில் யாரையோ வளவுக்காரர் ஏசுவதும் கேட்டது, பக்கத்தில் நின்று ஏசுவது போல. சின்னப் பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். நானும் ஒரு அடி பின்வைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ, மிசி அம்மா," என்றார் தாய். "எங்களுக்கு இது பழக்கம். தண்ணி கீழை போகப் போகக் கேக்கும். ஆனியிலை தொடங்கும்."

"என்ன கேக்கும்?"

"வளவு நாச்சியார் கதைக்கிறது. மத்தியானத்திலை. 'பிள்ளை, சாப்பிட்டியோ? பிள்ளை, அங்கை குளிருதோ?' எண்டு கேப்பா. அவ முடிக்குமட்டும் நாங்கள் வாளி விடுறேல்லை. ஒருதரும் மூச்சுக் காட்டுறேல்லை. உவள்தான் ஒருநாள்..."

மகள் மண்ணைக் காலால் கீறிக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்தனீ?" என்றேன்.

"ஓம் எண்டிட்டன்."

"ஏன்?"

"பாவம், மிசி. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு இருந்தவ. பிறகு விடேலாமப் போச்சு. ஒருநாள் சொல்லாட்டி அழுகிறா. சாப்பிட்டியோ எண்டால் ஓம் எண்டுவன். சாப்பிடாட்டிலும் ஓம் எண்டுவன்."

"உதைக் கேளுங்கோ!" என்று தாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சால் துரவை மட்டுமோ மூடுவினம்? எங்களையும் சேர்த்தெல்லோ போட்டு மூடுவினம்."

பொந்துக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் வளவிலிருந்து எனக்கு ஆள் வந்தது. வளவுக்காரர் பட்டினத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி படலையில் நின்று, என்னை விறாந்தையைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார். கிணற்றடியில் நான் தயங்கினேன்.

"ஏறி இரு, பிள்ளை. எப்பிடியும் முந்தி ஏறினனீதானே."

முகத்தில் சிரிப்பு இல்லை. நான் கிணற்றுக் கட்டின்மேல் இருந்தேன். கிணறு மீண்டும் ஊறி, தெளிந்திருந்தது. கிழக்குப் பக்கத்தில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே தொடங்கித் தண்ணீருக்குள் இறங்கி, கறுப்பாக ஒரு வெடிப்பு.

"நீ புதன்கிழமை இஞ்சை வரேல்லை," என்றார். "அவர் கோயிலுக்குப் போன நேரம் முழுக்க நான் இதிலைதான் இருந்தனான்."

நான் குடையை மடித்து மடியில் வைத்தேன்.

"உன்ரை குரல் கேட்டது. காலமை வரைக்கும் அள்ளாதேங்கோ எண்டாய். கொதிக்க வையுங்கோ எண்டாய். அதுக்கு முதல் ஆரோ ஒரு பெட்டை சிரிச்சுது. துரவு குடிச்சிட்டுது எண்டு."

வெயில் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. பனங்கூடலில் ஒரு பழம் விழுந்தது. அந்தச் சத்தம் காற்றிலும் கிணற்றுக்குள்ளும் இரண்டு முறை கேட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"எனக்கு எப்பவோ தெரியும். என்ரை பிள்ளையிட்டைச் சாப்பிட்டியோ எண்டு கேட்டால் ஒருநாளும் நேரை ஓம் எண்டு சொல்லாது. பசிக்கேல்லை எண்டு சொல்லும். பேந்து சாப்பிடுறன் எண்டு சொல்லும். நாலு தரம் கேக்க வேணும். இந்தப் பிள்ளை முதல் தரமே ஓம் எண்டுது. அதிலை பாதி பொய். பசியோடை சொல்லுற ஓம் எனக்குக் கேட்டால் தெரியும்."

"ஐயாவுக்குச் சொல்லப் போறியளோ?"

"சொன்னால் மூடிப்போடுவார். மூடினாப் பிறகு எனக்கு ஆர் பதில் சொல்லுறது?"

சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பால் கிணற்றுக் கட்டில் இல்லாத தூசியைத் துடைத்தார். பிறகு, அடுக்களைக் காரியம் சொல்வது போல, எனக்கு ஒரு ஒழுங்கு சொன்னார்.

"இனி மருந்து போடுறதெண்டால் முதல் எங்கடை கிணத்துக்குப் போடு. அவர் பார்க்க, அவரின்ரை கையாலை. அடுத்த நாள் அங்கை போடு. இஞ்சை சிவந்தால் சிவக்கட்டும். ஆர் கேக்கப் போறது?"

"ஐயா விடுவாரோ?"

"எங்கடை பிள்ளை காய்ச்சலிலை போனது. நான் கேட்டால் அவர் மறுக்கமாட்டார்."

இரண்டரை வருடம் படித்த எனக்கு அந்த வழி தோன்றவில்லை. நான் எழும்பினேன். அவர் எழும்பவில்லை. கிணற்றுக்குள் பார்த்தபடி, எனக்கென்று இல்லாமல் சொன்னார்.

"ஆனால் வாற பதில் எல்லாம் அந்தப் பிள்ளை சொல்லுறேல்லை."

நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் வாடை திரும்பியது. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஒழுங்கைகள் வாய்க்காலாயின, உப்புப் பூத்த கரை மறைந்தது. கார்த்திகையில் வளவுக் கிணற்றில் அந்த வெடிப்பு ஆள் உயரத் தண்ணீருக்குக் கீழே போயிருந்தது. துரவிலும் பொந்து தெரியவில்லை. குடிசைப் பெண்ணின் மகளிடம் கேட்டேன்.

"இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை, மிசி. நானும் சொல்லுறேல்லை. சொன்னாலும் போகாது."

நான் சோதித்தும் பார்த்தேன். ஒரு குறித்த நேரத்தில் அவளைத் துரவுக்குள் தலையை நீட்டி உரத்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வளவு விறாந்தையில் கடிகாரத்தோடு நின்றேன். எதுவும் வரவில்லை. தண்ணீர் நிறைந்த குகைக்குள்ளால் குரல் போகாது. அது முடிந்த விஷயம்.

மார்கழியில் மருந்து நாள். மழை விட்டு, உச்சிப்பொழுதில் வானம் கொஞ்சம் வெளித்திருந்தது. வளவுக்காரர் தம் கையால் கொண்டிஸ் கரைத்து ஊற்றிவிட்டு உள்ளே போனார். அவருடைய மனைவி வந்து கிணற்றடியில் குந்தினார். நான் விறாந்தையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டியோ என்று கேட்டார். நிறுத்தினார். திரும்பவும் கேட்டார். நிறுத்தினார். எனக்கு மழைத்துளி சொட்டுவது தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பழக்கத்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். தனியே கதைப்பவர் நிறுத்தும்போது இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மூச்சு எடுக்கும் நேரம். ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறேன். இவருடைய இடைவெளிகள் அப்படி இல்லை. மூன்று வினாடி. பதினொன்று. இரண்டு. இருபது. ஒரு முறை அவர் கேள்வியைத் தொடங்கிவிட்டு, இடைமறிக்கப்பட்டவர் போல நடுவில் நிறுத்தி, தலையாட்டினார். நாலாம் தரம் கேட்டபின் எழும்பி, சீலையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "மழை இன்னும் கிடக்குது, பிள்ளை. குடையை விரிச்சுக்கொண்டு போ," என்றார்.

அந்த இலக்கங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். புத்தகத்தில் பதியவில்லை.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. நிலைமை பின்வருமாறு இருக்கிறது. துரவு மூடப்படவில்லை, ஏழு குடிசைகளும் அதிலேயே அள்ளுகின்றன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து போடப்படுகிறது, முதல் நாள் வளவில், அடுத்த நாள் துரவில். அனுமதியில்லாமல் பிறர் கிணற்றில் மருந்து போட்டதற்கு என் உத்தியோகக் கோவையில் ஒரு கண்டனக் கடிதம் இருக்கிறது. இரண்டு வருடமும் எனக்குப் பதவியுயர்வு வரவில்லை. நான் கிணற்றுக் கட்டில் ஏறினேன் என்று வளவுக்காரர் இன்றும் நம்புகிறார். இரண்டும் ஒரே தண்ணீர் என்பது பனங்கூடலுக்கு அப்பால் எல்லோருக்கும் தெரியும். இப்பால் ஒருவருக்குத் தெரியும். அவர் இன்னும் சொல்லவில்லை.